மே மாதம், சென்னை, சாயங்காலம் அஞ்சரை

கடைசிப் பரீட்சை முடிந்த அன்றைக்கே வாட்ஸப் குழுவில் அந்தச் செய்தி வந்து விழும்: "மச்சி, லீவு விட்டாச்சு, எங்கயாச்சும் போலாம்டா." பதினான்கு பேர் இருக்கிற குழுவில் ஒன்பது கட்டைவிரல் உயரும். ரெண்டு பேர் நெருப்புப் படம் போடுவார்கள். ஒருத்தர் மட்டும் "எங்க?" என்று கேட்பார். அதோடு சரி. ஜூன் மாதம் கல்லூரி திறக்கும்போதும் அந்த "எங்க?" பதில் இல்லாமல் அப்படியே கிடக்கும்.

கையில் காசில்லை, எல்லாரும் சோம்பேறி என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். சென்னையில் கோடைச் சந்திப்புகள் பெரும்பாலும் நேரத்தில்தான் உடைகின்றன. "பதினொண்ணு மணிக்கு ஸ்பாட்ல இருங்க" என்று யாரோ சொல்வார்கள். மே மாதத்துப் பதினொரு மணி வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்தவன் அடுத்த தடவை வரமாட்டான். எங்கே போவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எத்தனை மணிக்கு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

இந்த நகரத்துக் கோடைக்குத் தனிக் கடிகாரம் உண்டு. அதற்குச் சாவி கொடுப்பது கடற்காற்று. காலையில் நிலம் சீக்கிரம் சூடேறும், கடல் மெதுவாகத்தான் சூடேறும். சூடான காற்று மேலே போக, கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். சாதாரண நாளில் நண்பகலை ஒட்டியே வந்துவிடும். முதலில் பெசன்ட் நகரும் மயிலாப்பூரும் மூச்சு விடும், பிறகு தி.நகர், அதற்கும் பிறகுதான் அம்பத்தூர், பூந்தமல்லி. மே கடைசி வாரங்களில் மேற்குக் காற்று வலுத்துவிட்டால் கடற்காற்றை அது கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும். சில நாள் மூன்று மணிக்கு வரும், சில நாள் வராமலே போகும். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது அந்த மாதிரி நாட்களில்தான். கத்திரி வெயில் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28, 29 வாக்கில் முடிவதாகப் பஞ்சாங்கம் சொல்லும். ஆனால் 2003-ல் சென்னை 45 டிகிரியைத் தொட்டது மே மாதத்தின் கடைசி நாட்களில். "கத்திரி முடிஞ்சிருச்சுல்ல, வாடா" என்கிறவனை நம்ப வேண்டாம்.

பார்க்க வேண்டியது ஒரே ஒரு விஷயம். மதியம் ஒரு மணிக்குப் போனில் வானிலையைத் திறந்து, வெப்பநிலையை விட்டுவிட்டு, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். கிழக்கு அல்லது தென்கிழக்கு என்றால் சாயங்காலத் திட்டம் நிற்கும். ஒரு மணிக்கும் மேற்கு என்றே காட்டினால் சந்திப்பை ஏழு மணிக்குத் தள்ளுங்கள், இல்லை மறுநாள் விடியற்காலைக்கு மாற்றுங்கள்.

ஆக, கோடை நாளில் வெளியே புழங்கக்கூடிய நேரம் ரெண்டு துண்டுதான். விடியற்காலை ஐந்திலிருந்து ஏழரை வரை, சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ராத்திரி வரை. நடுவில் இருப்பதை ஏ.சி.க்கும் தூக்கத்துக்கும் விட்டுவிட வேண்டியதுதான்.

விடியற்காலை என்றதும் முகம் சுளிப்பவர்கள் அதிகம். "தூங்குறதுக்குத்தானே லீவு?" ஆனால் குழுவில் பெண்கள் இருந்தால் காலைத் திட்டத்துக்கு இருக்கும் சௌகரியம் சாயங்காலத் திட்டத்துக்குக் கிடையாது. "ராத்திரி எத்தனை மணிக்கு வருவ? யாரெல்லாம் வர்றாங்க? எதுல வருவ?" என்று வீட்டில் மூன்று கேள்வி வரும். "காலைல பீச்சுக்குப் போயிட்டு எட்டு மணிக்கெல்லாம் வந்துருவேன்மா" என்றால் மூன்றும் ஒன்றாகச் சுருங்கிவிடும். "டிபன் வீட்டுலதானே?" அவ்வளவுதான். சாயங்காலத்துக்கு அனுமதி கிடைக்காமல் கழன்றுகொள்ளும் மூன்று பேர் காலைக்கு வந்துவிடுவார்கள். இது பல குழுக்களுக்குத் தாமதமாகத்தான் புரிகிறது.

மே நடுவில் சென்னையில் சூரியன் எழுவது 5.43 வாக்கில். மெரினா கிழக்கு பார்த்த கரை, சூரியன் நேராகக் கடலுக்குள்ளிருந்தே வரும். அதற்கு அரை மணி நேரம் முன்னால் மணலில் இருந்தால்தான் நிறம் மாறுவதைப் பார்க்க முடியும். மெரினாவுக்குப் பறக்கும் ரயில் சௌகரியம். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்று எந்த நிலையத்தில் இறங்கினாலும் நடந்துவிடலாம். பெசன்ட் நகருக்குப் பக்கத்தில் ரயில் இல்லை, இந்திரா நகரிலோ திருவான்மியூரிலோ இறங்கிப் பேருந்தோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். ஏழே காலுக்கு வெயில் கடிக்கத் தொடங்கும், ஏழரைக்கு எழுந்துவிடுவது உத்தமம். மெரினாவிலிருந்து கிளம்பினால் அப்படியே திருவல்லிக்கேணிக்குள் நடந்து ரத்னா கஃபேயில் இட்லி. அங்கே இட்லிக்குச் சாம்பார் ஊற்றுவதில்லை, சாம்பாரில் இட்லியை மூழ்கடிக்கிறார்கள். கரண்டி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக ஒரு வளைவுக் கட்டடம் நிற்கிறதே, எல்லாரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், அது கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னம். 1930-ல் அந்தக் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டேனிஷ்காரர் அவர். கிட்டத்தட்ட நூறு வருஷமாக அந்தக் கல் அங்கேயே நின்று எச்சரித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பசங்க தண்ணீரில் இறங்குகிறார்கள்.

இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் நல்ல நீச்சல்காரனையும் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போவது இழுவை நீரோட்டம். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளமாக இருக்கும் இடத்தில் அது சேர்ந்து, ஆறு மாதிரி கடலுக்குள் ஓடும். மேலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் அலை குறைவாக, அமைதியாகத் தெரியும். "இங்க அலை கம்மியா இருக்கு, இங்க இறங்கலாம்" என்று தேர்ந்தெடுப்பதும் அந்த இடத்தைத்தான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. ஐந்து நிமிஷத்தில் கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு விலகி, பிறகு அலையோடு கரைக்கு வர வேண்டும். முடியவில்லை என்றால் மல்லாந்து மிதந்துகொண்டே கையை உயர்த்திக் கத்த வேண்டும். கரையில் நிற்கிறவர்கள் பின்னாலேயே குதிக்காமல் தெர்மாகோல், காலி கேன், கயிறு என்று கையில் கிடைத்ததை வீசிவிட்டு மீனவர்களைக் கூப்பிட வேண்டும். குதித்தால் ரெண்டு உடலாகும்.

2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. எங்கோ தொலைதூரக் கடலில் வீசிய புயல்காற்று எழுப்பும் நீள அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, காற்றே இல்லாத நாளில் இங்கே வந்து கரையேறும். வானம் தெளிவாக இருக்கும், எந்த அறிகுறியும் இருக்காது. அதனால்தான் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது, செய்திகளிலும் வரும். கடற்கரைத் திட்டம் போடுகிறவர் முந்தின ராத்திரி அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். மற்றபடி முழங்கால் வரை நனைக்கலாம். மெரினாவில் குளிக்கப் போலீஸ் விடுவதில்லை, அதில் அவர்கள்மேல் வருத்தப்பட ஒன்றுமில்லை.

பகல் நேரத்துக்குச் சென்னையில் இருக்கும் நல்ல இடம் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தது. எட்டிலிருந்து எட்டு வரை, ஏ.சி., பைசா செலவில்லை. தரைத்தளத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய் உட்காரத் தனிப் பகுதி உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அங்கே காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள். பத்து மணிக்கு ஆடி அசைந்து போனால் நாற்காலி கிடைக்காது. அரியர் இருக்கிறவனும் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பம் எழுதுகிறவளும் சேர்ந்து போய், தனித்தனியே உட்கார்ந்து, ஒரு மணிக்குக் கேன்டீனில் கூடினால் அதுவே ஒரு சந்திப்புதான். எழும்பூர் அருங்காட்சியகம் இன்னொரு வழி. அங்கே இருக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளை நிதானமாகப் பார்க்கவே ஒரு மணி நேரம் போகும். வெள்ளிக்கிழமை விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. வாசல் வரை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற குழுக்களின் கணக்கு இந்த ரெண்டு கிழமைகளில்தான் ஏறுகிறது.

மால்கள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏ.சி. இலவசம், மற்றதெல்லாம் விலை. மெட்ரோ நிலையத்திலேயே உட்கார்ந்து அரட்டை அடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், டிக்கெட் பகுதிக்குள் இத்தனை நேரம்தான் இருக்கலாம் என்று வரம்பு உண்டு, தாண்டினால் அபராதம் என்பதை நினைவில் வையுங்கள்.

சினிமாவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மல்டிபிளெக்ஸ் ஏ.சி. டிக்கெட்டுக்கு வரி நீங்கலாக 150 ரூபாய் உச்சவரம்பு என்று 2017-ல் அரசு நிர்ணயித்தது. ஆன்லைனில் போட்டால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனியாகச் சேவைக் கட்டணம் ஏறும். எட்டுப் பேருக்குப் போட்டால் அந்தக் கட்டணத்திலேயே இன்னொருவர் படம் பார்த்துவிடலாம். வார நாளில், பழைய படம் என்றால், தியேட்டருக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறவர் முந்தின நாள் கவுன்ட்டரில் வாங்கிவிடுவது நல்லது. பாப்கார்ன் டிக்கெட்டை விட விலை அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வாங்குகிறோம், அதை விடுவோம்.

டர்ஃப் கதை வேறு. ஐந்துக்கு ஐந்து கால்பந்து ஆடும் செயற்கைப் புல் மைதானங்கள் இப்போது நகரமெங்கும் இருக்கின்றன. மணிக்கு ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐநூறு வரை கேட்பார்கள், சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை விலை உச்சம், விடியற்காலை குறையும். பத்துப் பேர் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு பேரைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் ரெண்டு பேர் கடைசி நேரத்தில் நிச்சயம் கழன்றுகொள்வார்கள். ஆயிரத்து இருநூறைப் பன்னிரண்டால் வகுத்தால் தலைக்கு நூறு. இதைப் பதிவு செய்வதற்கு முன்னாலேயே வசூலித்துவிட வேண்டும். "அப்புறம் ஜிபே பண்றேன்டா" என்பதில் அந்த அப்புறம் வருவதேயில்லை. மதியம் சலுகை விலை என்று சொல்லி அழைத்தால் போகாதீர்கள். வெயிலில் செயற்கைப் புல் பக்கத்து மண் தரையை விட அதிகமாகச் சூடேறும். புல்லுக்கு நடுவே தூவியிருக்கும் கறுப்பு ரப்பர்த் துகள் ஷூவுக்குள் போய்ப் பாதத்தைப் பொசுக்கும். சறுக்கி விழுந்தால் முழங்காலிலும் முழங்கையிலும் தோல் உரிந்துவிடும். அந்தக் காயத்தைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட வேண்டும், துகள் உள்ளேயே தங்கினால் சீழ் வைக்கும். உலோகக் குமிழ் வைத்த ஷூவை உள்ளே விடமாட்டார்கள்.

எங்கே போனாலும் பையில் தண்ணீர் வேண்டும். வியர்வை ஊற்றும் ஊர் இது, வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் மட்டமாக அளந்து, கரைத்துக்கொண்டால் போதும். உப்பைக் கூட்டினால் ஆபத்து. மோர், நுங்கு, சாத்துக்குடி எல்லாம் சரி. கூட வந்தவர் திடீரென்று உளற ஆரம்பித்தாலோ, உடம்பு கொதித்துத் தள்ளாடினாலோ "கொஞ்ச நேரம் உட்காருடா" என்று விடக் கூடாது. நிழலுக்குக் கொண்டுபோய்த் துணியை நனைத்துக் கழுத்து, அக்குள் எல்லாம் ஒற்றி எடுத்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இனி காசு. ஒரே வகுப்பில் ஒருவருக்கு மாதம் ஐயாயிரம் கைச்செலவுக்கு வரும், இன்னொருவர் அப்பாவிடம் பஸ் காசு கேட்கவே யோசிப்பார். பின்னவர் ஒருபோதும் "என்கிட்ட காசில்ல" என்று குழுவில் எழுதமாட்டார். "வீட்ல வேலை இருக்கு மச்சி" என்றுதான் எழுதுவார். ஒருவர் மூன்று தடவை தொடர்ந்து வீட்டு வேலை சொன்னால் அதைக் காசு என்று படிக்கத் தெரிய வேண்டும். செலவுள்ள திட்டம் ஒன்று போட்டால் அடுத்தது செலவில்லாத திட்டமாக இருக்கட்டும், யாரிடமும் காரணம் சொல்லாமலே. ட்ரீட் கலாசாரத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பிறந்தநாளுக்குப் பதினைந்து பேருக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் வெளியே வராமல் இருக்கிறவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள்.

போக்குவரத்தில் மிச்சம் பிடிக்கலாம். கல்லூரிப் பஸ் பாஸ் கோடையில் கை கொடுக்காது. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லை. பிங்க் நிறம் பார்த்து ஏறலாம். அதே குழுவில் பசங்க டீலக்ஸில் ஏறிவிட்டால் அவர்களோடு சேர்ந்து பெண்களும் டிக்கெட் எடுக்க வேண்டிவரும், பார்த்து ஏறுங்கள். புறநகர் ரயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய். 2025 ஏப்ரலில் ஓட ஆரம்பித்த ஏ.சி. மின்சார ரயிலில் அதுவே 35. ரயில்வே ஆப்பில் டிக்கெட் எடுக்கிறவர்கள் நிலையத்துக்குள் வருவதற்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். தண்டவாளத்துப் பக்கத்தில் நின்றால் ஆப் டிக்கெட் தராது, அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியைத் தேடி ஓட வேண்டியிருக்கும். அதற்குள் ரயில் போய்விடும்.

ஒரு சாயங்காலம்தான் கிடைக்கும், தலைக்கு இருநூறு ரூபாய்தான் என்றால் பாரிமுனைப் பக்கம் போங்கள். கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி எதிர்ப்பக்கத் தெருக்களுக்குள் நடந்தால் அத்தோ வண்டிகள். அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கையோடு கொண்டுவந்த தின்பண்டம் இது. கடைக்காரர் பாத்திரத்தில் ஆரஞ்சு நிறத் தடித்த நூடுல்ஸை அள்ளிப் போடுவார். அதன்மேல் நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், நொறுக்கிய பேஜோ (எண்ணெயில் பொரித்த மொறுமொறுத் தட்டை), மிளகாய்த் தூள், உப்பு, புளித்தண்ணி, பூண்டு பொரித்த எண்ணெய். எல்லாவற்றையும் கையாலேயே பிசைவார். கரண்டியால் கிளறினால் எண்ணெய் எல்லா இழையிலும் ஏறாது. காரம் பழக்கமில்லாதவர்கள் பிசைவதற்கு முன்னாலேயே "அண்ணா, காரம் கம்மியா" என்று சொல்லிவிட வேண்டும், பிசைந்த பிறகு சொல்லிப் பயனில்லை. கூடவே வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம் வரும். அதே சூப்பை நூடுல்ஸின்மேல் ஊற்றிக் கொடுத்தால் மொய்ங்கா. முட்டை மசாலா தனி: அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் மிளகாய்த் தூளும் அடைத்து, புளித்தண்ணி விட்டுக் கொடுப்பார். அதைக் கடித்துத் தின்னக் கூடாது. முழுசாக வாய்க்குள் போட்டுக்கொள்ள வேண்டும், கடித்தால் சட்டையெல்லாம் புளி. வெள்ளைச் சட்டையில் போகாதீர்கள். ஒரு வண்டியில் எட்டுப் பேர் சேர்ந்து நிற்காமல் ரெண்டு ரெண்டாகப் பிரிந்து நின்றால் சீக்கிரம் கிடைக்கும்.

இப்போது அந்த வாட்ஸப் செய்திக்கு வருவோம். "எங்கயாச்சும் போலாம்டா" என்பதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: "சனிக்கிழமை சாயங்காலம் 5.45. கடற்கரை ஸ்டேஷன், டிக்கெட் கவுன்ட்டர் முன்னாடி. அத்தோ, அப்புறம் ரோஸ் மில்க். தலைக்கு 200. எட்டரைக்குக் கிளம்புறோம். வர்றவங்க வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள பேர் போடுங்க. நாலு பேர் போட்டாலும் போறோம்." இதில் வேலை செய்வது கடைசி வரி. பதினான்கு பேரும் வரட்டும் என்று காத்திருக்கிற குழு எங்கேயும் போகாது. பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், விடுதி காலியாகியிருக்கும், சிலருக்குப் பல்கலைக்கழகத் தேர்வே முடிந்திருக்காது, சிலர் இன்டர்ன்ஷிப்பில் இருப்பார்கள். தேதியை மாற்றிப் பார்ப்போமா என்று வாக்கெடுப்பு வைத்தால் அந்தத் திட்டத்துக்கு அன்றைக்கே பால் ஊற்றிவிடலாம்.

கிளம்பும் நேரத்தை முதலிலேயே எழுதுவதற்கும் காரணம் உண்டு. எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தெரிந்தால்தான் பாதிப் பேருக்கு வீட்டில் அனுமதி கிடைக்கும். மெட்ரோ ராத்திரி பதினொரு மணியோடு முடிகிறது, அதுவும் புறப்படும் முனையத்தின் கணக்கு. நடு நிலையத்தில் இறங்கி இன்னொரு வழித்தடத்துக்கு மாறுகிறவர் பத்தரைக்கே பிளாட்பாரத்தில் இருப்பது நல்லது. ஒரே திசையில் போகிறவர்கள் ஜோடி சேர்ந்துகொள்ளட்டும். தனியாக ஆட்டோவில் போகிறவர் வண்டி எண்ணைக் குழுவில் போட்டுவிட்டு லைவ் லொக்கேஷனை ஒரு மணி நேரத்துக்குத் திறந்து வைக்கட்டும். வீட்டுக்குப் போனதும் எல்லாரும் "வந்தாச்சு" என்று எழுத வேண்டும், கடைசி "வந்தாச்சு" வரும்வரை யாராவது ஒருவர் முழித்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்று மட்டும் வராது. போன் போட்டால் எடுக்கமாட்டான். அவன் பல்லாவரத்தில் இறங்க வேண்டியவன். தாம்பரத்தில் யாரோ தட்டி எழுப்பியிருப்பார்கள்.